புலிக்காட்டுல ஊரும் வனத்துறையும் சேர்ந்து நிர்வாகம் பண்றது எப்படி: கிராம சபையிலேர்ந்து தொடங்குற முழு வழிகாட்டி

கர்நாடகாவுல சாம்ராஜ்நகர் மாவட்டத்துல பிலிகிரிரங்கன் மலை இருக்கு, நம்ம சத்தியமங்கலம் காட்டோட தொட்டுக்கிட்டே போற காடு, புலிக்கும் யானைக்கும் ரெண்டும் ஒண்ணுதான். அங்க சோளகர் மக்கள் காலங்காலமா ஒரு வேலை பண்ணிட்டு இருந்தாங்க. வெயில் முழுசா ஏறுறதுக்கு முன்னாடியே, மண்ணுல கொஞ்சம் ஈரம் இருக்கறப்பவே, சருகுக்கு மட்டும் லேசா தீ வைப்பாங்க, தரகு பெங்கின்னு அதுக்குப் பேரு, சருக எரிச்சுட்டுத் தானா அணைஞ்சுடும், பெரிய மரம் சாகாது. 1974ல அந்தக் காட்ட சரணாலயம் ஆக்குனாங்க, காட்டுக்குள்ள பரவலா இருந்த ஊர்களைக் கெளப்பி ஒரு ஓரமா உக்கார வெச்சாங்க, தீ வைக்கறதும் குத்தம்னு ஆச்சு. அப்புறம் என்ன நடந்துச்சு? உண்ணிச்செடி (லாண்டானாப் புதர்) ஏறுச்சு. 1997ல ஆய்வு பண்ண இடங்கள்ல ஏறக்குறைய 40 சதவீதத்துல இருந்த உண்ணி, 2008ல அதே இடங்களப் போய்ப் பாத்தா 80 சதவீதத்துல இருக்கு. உண்ணி ஏறுனா அடியில புல்லு மொளைக்காது, புல்லு இல்லன்னா மானும் காட்டெருமையும் எங்க மேயும்? தீயும் நின்னுடல, கோடையில ஒரு பொறி விழுந்தா உண்ணிப் புதர்ல ஏறி மரத்தோட கொப்பு வரைக்கும் போகுது. நெல்லி மரத்துல புல்லுருவி ஏறுனதுக்கும் தீய நிறுத்துனதுதான் காரணம்னு பெரியவங்க அப்பலேர்ந்தே சொல்லிட்டு இருக்காங்க.

இத ஏன் மொதல்ல சொல்றேன்னா, ஆதிவாசி மக்களோட சேர்ந்து காட்ட நிர்வாகம் பண்ணணும்னு சொன்னா ஏதோ அவங்களுக்குப் பாவம் பாத்துக் குடுக்கற சலுகை மாதிரி நெறைய பேரு நெனைக்கறாங்க. அப்படி இல்லங்க. அந்தக் காடு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்ச ஆளுங்கள வெளிய நிறுத்திட்டு காட்டப் பாத்துக்க முடியாது, அவ்ளோதான். ஆனா இன்னொண்ணும் சொல்லிடறேன், உரிமைப் பத்திரம் இல்லாம நடக்கற "கூட்டு நிர்வாகம்" எல்லாம் கடைசில தினக்கூலி வேலையாத்தான் முடியுது, நான் பாத்த வரைக்கும் அப்படித்தான். கமிட்டி போடுவாங்க, பேரு எழுதுவாங்க, முடிவு மட்டும் ஆபீஸ்ல எடுப்பாங்க. அதனால இந்த வழிகாட்டி உரிமையிலேர்ந்துதான் தொடங்குது. ஊர்ல படிச்ச பசங்க, கூட நிக்கற ஆளுங்க, மனசு இருக்கற ரேஞ்சர்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதறேன்.

மொதல்ல ஒரு பொய்ய ஒடைக்கணும்

"இது கோர் ஏரியா (காப்பகத்தோட உள்காடு), இங்க எந்த உரிமையும் கெடையாது." இத எத்தன தடவ கேட்டிருப்பீங்க? சட்டம் அப்படிச் சொல்லல. 2006ல வந்த வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் எல்லாத்துக்கும் பொருந்தும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல 2006ல சேர்த்த 38-வி பிரிவுலயே, புலிகளோட கோர் பகுதிய ஒதுக்கறப்ப பழங்குடி மக்களோட உரிமைய பாதிக்காம பண்ணணும்னுதான் இருக்கு. பிலிகிரிரங்கன் மலை 2011 தொடக்கத்துல புலிகள் காப்பகம் ஆச்சு, அதே வருஷம் அக்டோபர்ல அங்க 25 போடுகளோட கிராம சபைகளுக்கு சமூக உரிமைப் பத்திரம் குடுத்தாங்க. போடுன்னா சோளகர் ஊரு, நம்ம பக்கம் தொட்டின்னு சொல்றோம். புலிகள் காப்பகத்துக்குள்ளேயே இந்த உரிமை கெடைச்சது நாட்டுலயே அதுதான் மொத தடவ. அதனால யாராவது முடியாதுன்னு சொன்னா பக்கத்து மலையக் காட்டுங்க.

ஊருன்னா எது?

இங்கதான் பாதிப் பேரு சறுக்கறாங்க. தமிழ்நாட்டுல பஞ்சாயத்து கிராம சபைன்னா பத்து ஊரு சேர்ந்தது, அதுல ஆதிவாசி ஊரு ரெண்டு மூணு இருக்கும், ஓட்டுல எப்பவும் சின்னக் கூட்டம். அந்தக் கூட்டத்துல உங்க காட்டப் பத்தித் தீர்மானம் போட்டா அந்தக் காட்டுல கால் வைக்காதவங்க கைதான் அதிகமா ஏறும். வன உரிமைச் சட்டத்துல கிராமம்ங்கற சொல்லுக்குத் தனியா விளக்கம் இருக்கு, வன கிராமம், பழைய குடியிருப்பு, சர்வே ஆகாத ஊரு, அறிவிச்சாலும் அறிவிக்காட்டியும் அது கிராமம்தான். அதனால உங்க தொட்டிக்கோ பதிக்கோ செட்டில்மெண்ட்டுக்கோ தனி கிராம சபை வேணும்னு மொத தீர்மானத்த அங்கயே போடுங்க, மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதி ஒப்புகை சீட்டு வாங்கி வெச்சுக்கோங்க.

அந்தக் கிராம சபை கூடி வன உரிமைக் குழுவத் தேர்ந்தெடுக்கணும். 10லேர்ந்து 15 பேரு, மூணுல ரெண்டு பங்கு பழங்குடியினர், மூணுல ஒரு பங்காவது பெண்கள். பெண்கள் எண்ணிக்கைய ஏதோ ஃபார்மாலிட்டின்னு நெனைக்காதீங்க, கெழங்கு எங்க இருக்கு, சீமாறு புல்லு எந்தச் சரிவுல வெட்டுறது, எந்த ஓடை சித்திரையில காயாது, இதெல்லாம் அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும், மேப் போடறப்ப அவங்க இல்லன்னா பாதிக் காடு விட்டுப்போகும். கோரம் கணக்கும் பாத்துக்கோங்க, கிராம சபை உறுப்பினர்கள்ல பாதிக்குக் கொறையாம வரணும், வந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு பெண்களா இருக்கணும், உரிமைக் கோரிக்கை பத்தின தீர்மானம்னா கோரிக்கை வெச்சவங்கள்ல பாதிப் பேராவது ஒக்காந்திருக்கணும். மினிட்ஸ் புத்தகத்துல தேதி, நேரம், கையெழுத்து, கைநாட்டு எல்லாம் அன்னிக்கே ஆகணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஊர்ல "நாளைக்குப் போட்டுக்கலாம்"னு விட்டாங்க, அந்த ஒரு கூட்டத்த வெச்சே மொத்தக் கோரிக்கையும் திரும்பி வந்துச்சு, ஒன்றரை வருஷம் போச்சு.

மேப்: இதுக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கணும்

எல்லையப் போடறது கம்ப்யூட்டர் வேலை இல்ல, நடக்கற வேலை. சோளகர்கள்ட்ட யெல்லேன்னு ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு குலத்துக்கும் காட்டுல ஒரு பகுதி, அந்தப் பகுதிக்குள்ள அஞ்சு மாதிரி எடம் இருக்கும், சாமி எடங்களான தேவரு, மாரம்மா, வீரு, செத்தவங்களுக்குக் கல்லு வெக்கற கல்லுகுடி, அப்பறம் தண்ணிக்கு அப்பி. பிலிகிரிரங்கன் மலையில பெரியவங்களக் கூட்டிட்டுப் போயி ஜிபிஎஸ் வெச்சு இந்த எடங்கள ஒண்ணொண்ணா பதிவு பண்ணாங்க, ஏட்ரிங்கற ஆராய்ச்சி நிறுவனத்தோட சேர்ந்து, சோளகர் சமூகத்துப் பசங்களே முன்னாடி நின்னு பண்ண வேலை. நூத்துக்கணக்குல எடம் வந்துச்சு. அந்த மேப்ப விரிச்சு வெச்சா காலி எடம்னு எதையும் காட்ட முடியாது. "இது மனுசன் இல்லாத காடு"ங்கற பேச்சு அங்கேயே செத்துப்போச்சு.

உங்க ஊர்லயும் இப்படித்தான் பண்ணணும். மொதல்ல தரையில கோலமாவு, கல்லு, எலை வெச்சு ஊரே சேர்ந்து காட்ட வரைங்க, ஆறு, மலை, தடம், கோயில், சுடுகாடு, தேன் பாறை, உப்புமண்ணு, பழைய ஊரு இருந்த எடம். சின்னப் பசங்க அத போட்டோ எடுத்துத் தாளுல ஏத்தட்டும். அடுத்து நாலஞ்சு நாள் நடங்க, ஒவ்வொரு அடையாளத்துலயும் போன்ல ஜிபிஎஸ் எடுங்க, கூடவே அந்தப் பெரியவர் சொல்ற கதைய ரெக்கார்ட் பண்ணுங்க, அந்தக் கதைதான் நாளைக்கு சாட்சி. பழைய ஊரு இருந்த எடத்துல அடுப்புக்கல்லோ, ஆட்டுக்கல்லோ, நட்டு வெச்ச மாமரமோ இருக்கும், அத விடாதீங்க.

இன்னொரு விஷயம், பக்கத்து ஊரோட எல்லை ஒண்ணு மேல ஒண்ணு விழும். விழட்டும். ரெண்டு ஊருமே மேயற காடு, ரெண்டு ஊருமே தேன் எடுக்கற பாறைன்னா அப்படியே எழுதுங்க, படிவத்துலயே பக்கத்து ஊரோட எதெதப் பகிர்ந்துக்கறீங்கன்னு எழுத எடம் இருக்கு. தகராறு இருந்தா ரெண்டு வன உரிமைக் குழுவும் சேர்ந்து உக்காந்து பேசணும், தீரலன்னாதான் மேல போகணும். ஊருக்குள்ள சண்ட வந்தா அதுல லாபம் யாருக்குன்னு நான் சொல்லத் தேவையில்ல.

வனத்துறை, வருவாய்த்துறை மேப்பெல்லாம், கிராம சபைக்கு அடுத்து கோரிக்கையப் பாக்கற உட்கோட்ட அளவிலான குழுதான் கிராம சபைக்குக் குடுக்கணும்னு விதியிலயே இருக்கு. எழுத்துல கேளுங்க.

கோரிக்கை வெக்கறது

மூணு படிவம் இருக்கு. தனிநபர் நிலத்துக்கு அ, மேய்ச்சல், மீன், தேன், சிறு வன மகசூல் மாதிரி சமூக உரிமைக்கு ஆ, மொத்தக் காட்டையும் காப்பாத்த, நிர்வாகம் பண்ற உரிமைக்கு இ. இந்தக் கடைசிதான் சமூக வன வள உரிமை, சட்டத்தோட 3(1) பிரிவுல (i) உட்பிரிவு. நெறைய ஊர்ல மொத ரெண்டோட நிறுத்திடறாங்க, மூணாவது போடாம விட்டா நிர்வாகத்துல உங்களுக்கு ஒரு சொல்லும் இருக்காது. மாவட்டக் குழுவுக்கே ஒரு கடமை இருக்கு, காட்டுல வாழற எந்த ஊருக்காவது இந்த உரிமைய அங்கீகரிக்காம விட்டா காரணத்த எழுதி வெக்கணும், அதயும் கேளுங்க.

சாட்சி ரெண்டு இருந்தாலே போதும். அரசாங்கத்தோட பழைய மாவட்ட கெஜட்டியர், வனத்துறையோட வொர்க்கிங் பிளான், வழக்குத் தாளு, அபராத ரசீது, கோயில், சமாதி, மேய்ச்சல் எடம், கோரிக்கை வெக்காத வேற பெரியவங்களோட எழுதி வாங்குன வாக்குமூலம், எல்லாம் செல்லும். தாத்தா காலத்துல கட்டுன அபராத ரசீதெல்லாம் பெட்டியில கெடக்கும், அன்னிக்கு அவமானமா இருந்த காகிதம் இன்னிக்கு நீங்க அங்கதான் இருந்தீங்கன்னு சொல்ற சாட்சி. சாட்டிலைட் படத்த மட்டும் வெச்சு நிராகரிக்க முடியாது, அது கூடுதல் சாட்சிதான், மத்த சாட்சிக்கு பதிலா நிக்காதுன்னு 2012 விதியில தெளிவா இருக்கு.

கள ஆய்வுக்கு வனத்துறைக்கு முன்கூட்டியே நோட்டீஸ் குடுங்க. வந்தா சந்தோஷம், வந்தவங்க பேரு, பதவி, தேதி, கருத்து எல்லாம் போட்டுக் கையெழுத்துப் போடணும். நோட்டீஸ் குடுத்த தாளையும் பத்திரமா வைங்க, வரலன்னா பின்னாடி "எங்களுக்குத் தெரியாது"ன்னு ஆட்சேபம் பண்றது கஷ்டமாகும். அப்பறம் கிராம சபை தீர்மானம், அங்கேர்ந்து உட்கோட்டக் குழு, அங்கேர்ந்து மாவட்டக் குழு. நிராகரிச்சா காரணத்த எழுத்துல குடுக்கணும், 60 நாளுக்குள்ள அப்பீல் போடலாம். வாயால சொன்னா ஏத்துக்காதீங்க. கோரிக்கை முடிவாகற வரைக்கும் யாரையும் வெளியேத்தக் கூடாதுன்னு 4(5) பிரிவு சொல்லுது, அந்த நம்பர ஊர்ல எல்லாரும் மனப்பாடமா வெச்சுக்கணும்.

பத்திரம் கைக்கு வந்தா

அவசரப்பட்டு போட்டோ எடுத்துக் கொண்டாடறதுக்கு முன்னாடி வரி வரியா படிங்க. பரப்பளவு நீங்க கேட்டதா? எல்லை சரியா? பத்திரம் கிராம சபை பேர்ல இருக்கா, இல்ல வேற கமிட்டி பேர்லயா? சட்டத்துல இல்லாத நிபந்தனை ஏதாவது சொருகியிருக்கா? இருந்தா அடுத்த கிராம சபையிலயே தீர்மானம் போட்டுத் திருத்தம் கேளுங்க. ஒண்ண நேர்மையா நாமளும் சொல்லணும், வேட்டை உரிமை இந்தச் சட்டத்துல கெடையாது, அத மறைச்சுப் பேசுனா நம்ம மேல இருக்கற நம்பிக்கை போயிடும்.

நிர்வாகத் திட்டம்

கிராம சபை, காட்டையும் வன விலங்கையும் பாத்துக்க ஒரு குழு போடணும், விதி 4(1)(e) குழுன்னு சொல்வாங்க. அது எழுதற திட்டம் வனத்துறையோட திட்டத்தோட இணையணும்னு விதியில இருக்கு, அதாவது நீங்க எழுதறது தனியாத் தொங்கற தாளு இல்ல. பெரிய வார்த்தையெல்லாம் வேணாம், பத்துப் பக்கம் போதும், ஆனா பருவம் பருவமா இருக்கணும்.

தீ. எந்த மாசம், எந்தச் சரிவு, எத்தன பேரு, காத்து எந்தப் பக்கம், எந்தக் காட்டுல வைக்கவே கூடாது (சோலைக்குள்ள எந்தக் காலத்துலயும் தீ ஆகாது). உண்ணி அடர்ந்த எடத்துல நேரா தீ வெச்சுடாதீங்க, அது கொப்புக்கு ஏறும், மொதல்ல வேரோட பிடுங்கணும், புல்லு வந்தப்பறம்தான் தீயப் பத்தி யோசிக்கணும். இப்போதைக்கு தீய ஒத்துக்கறதுக்கு எந்த அதிகாரிக்கும் பயமாத்தான் இருக்கும், அது புரியுது. அதனால ஒரு சின்ன எடத்துல, ஊரும் வனத்துறையும் சேர்ந்து நின்னு, முன்னாடி பின்னாடி போட்டோவோட செஞ்சு பாக்கறதுன்னு தொடங்குங்க.

உண்ணி. பிடுங்குன உண்ணிய என்ன பண்றதுன்னும் எழுதுங்க. கூடலூர் பக்கம் பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் கைவினைஞர்கள் உண்ணித் தண்ட வெச்சு நெசமான யானை அளவுக்கு யானை பண்றாங்க, 2021ல லண்டன் பார்க்குல போயி நின்னுச்சு. மாதேஸ்வரன் மலையில நாற்காலி மேசை பண்றாங்க.

மகசூல். நெல்லி, கடுக்காய், பூச்சக்காய், மரப்பாசி, தேன். எவ்ளோ எடுக்கறது, எவ்ளோ விடறதுன்னு ஊரே சட்டம் போடணும், நெல்லிக்கு கொப்ப வெட்டாம பறிக்கணும், தேனடையில குஞ்சு இருக்கற பாகத்த விடணும். விக்கறதுக்கு எடுத்துட்டுப் போற டிரான்சிட் பாஸ கிராம சபை குழுவே குடுக்கலாம்னு 2012 திருத்தம் சொல்லுது. இதுலதான் செக்போஸ்ட்ல தகராறு அதிகம் வரும், அதனால பாஸ் புத்தகம் அச்சடிச்சு, வரிசை நம்பர் போட்டு, மாதிரிய ரேஞ்சர் ஆபீஸ்க்கும் கலெக்டர் ஆபீஸ்க்கும் முன்னாடியே அனுப்பிடுங்க. மகாராஷ்டிராவுல கட்சிரோலி மாவட்டத்து மேண்டா லேக்கா 2009ல ஏறக்குறைய 1,800 ஹெக்டேருக்கு உரிமை வாங்குன ஊரு, மூங்கில விக்கற பாஸுக்கே ரெண்டு வருஷம் போராட வேண்டியிருந்துச்சு, அப்பறம்தான் கெடைச்சுது.

வனத்துறையோட ஒரே மேசையில

இங்க வெளிநாட்டு உதாரணம் ரெண்டு சொல்லணும், ஏன்னா ரெண்டுமே நமக்கு நேரா உதவும். கனடாவுல குவாய் ஹானாஸ்னு தீவுக்காடு, ஹைடா மக்களோடது. மரம் வெட்டறத எதுத்து 1985ல ரோட்ட மறிச்சு 72 பேரு கைதானாங்க. 1993ல கனடா அரசோட ஒப்பந்தம் போட்டப்ப, காடு யாருதுங்கற கேள்வியில ரெண்டு பேரும் ஒத்துப்போகல, ஒத்துப்போகலங்கறதயே ஒப்பந்தத்துல பக்கத்து பக்கத்துல எழுதி வெச்சுட்டு, நிர்வாகம் மட்டும் சரிசமமான போர்டு வெச்சு ஒருமித்துப் பண்றோம்னு கையெழுத்துப் போட்டாங்க. பெரிய சண்டை முடியற வரைக்கும் காடு காத்துக்கிட்டிருக்காதுன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. ஆஸ்திரேலியாவுல உலுருப் பாறைய 1985ல அனங்கு மக்கள்ட்ட திருப்பிக் குடுத்து, அவங்க அத பூங்காவுக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டாங்க, 12 பேரு போர்டுல 8 பேரு அனங்கு. பாறை மேல ஏறாதீங்கன்னு அவங்க எத்தனையோ வருஷம் கேட்டாங்க, போர்டுல அவங்க கை மேல இருந்ததாலதான் 2019 அக்டோபர் 26ல ஏறறது நின்னுச்சு. கெஞ்சுறதுக்கும் ஓட்டுப் போடறதுக்கும் அதுதான் வித்தியாசம்.

நம்ம ஊர்ல அப்படி போர்டு சட்டத்துல இல்ல. ஆனா மாசம் ஒரு கூட்டம்னு எழுத்துல ஒத்துக்க வைக்கலாம். கூட்டம் ஒரு மாசம் ஊர்ல, ஒரு மாசம் ரேஞ்ச் ஆபீஸ்ல. மினிட்ஸ் தமிழ்ல, அன்னிக்கே படிச்சுக் காட்டிக் கையெழுத்து, ரெண்டு காப்பி. ரேஞ்சர் மாறிட்டே இருப்பாரு, புதுசா வர்றவர ஊருக்குக் கூப்ட்டு மேப்ப விரிச்சுக் காட்டுங்க, பழைய மினிட்ஸக் கையில குடுங்க. நல்ல ரேஞ்சர்கள நானும் பாத்திருக்கேன், ராத்திரி யானை வந்தா மொத போன் ஊர்க்காரங்களுக்குத்தான் பண்ணுவாங்க, அப்படிப்பட்டவங்ககிட்ட எழுத்து வேணும்னு கேக்க சங்கடமா இருக்கும், ஆனா கேளுங்க, அடுத்து வர்றவருக்காக. வேட்டைத் தடுப்புக் காவலர்களா நம்ம பசங்க வேல பாக்கறாங்கன்னா சம்பளத் தேதி, இன்சூரன்ஸ், ஷூ, டார்ச் எல்லாம் அந்தக் கூட்டத்துலயே பேசணும்.

இடமாற்றம்னு பேச்சு வந்தா

காப்பகத்துலேர்ந்து வெளிய வந்தா குடும்பத்துக்கு 15 லட்சம்னு திட்டம் இருக்கு. போறது போகாதது அவங்கவங்க விருப்பம், அத நான் தடுக்கல, ரோடு, ஆஸ்பத்திரி வேணும்னு நெனைக்கற குடும்பமும் இருக்கு. ஆனா முறை இருக்கு. மொதல்ல உரிமை அங்கீகாரம் முடிஞ்சிருக்கணும், மக்கள் இருந்தா திரும்பச் சரிபண்ண முடியாத கேடுன்னும் சேர்ந்து வாழ வழியில்லன்னும் நிரூபிக்கணும், கிராம சபை சுதந்திரமா, விவரம் தெரிஞ்சு, எழுத்துல சம்மதிக்கணும், போற எடத்துல வசதியெல்லாம் ரெடியா இருக்கணும். வீடு வீடா ராத்திரில வந்து கையெழுத்து வாங்கறது சம்மதம் இல்ல. அப்படி வந்தா கிராம சபையில பேசலாம்னு சொல்லி அனுப்புங்க.

பாத்து எழுதி வெக்கறது

கேரளாவுல வாழச்சால்ல காடர் மக்களோட 9 ஊருக்கு 2014ல ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர் காட்டுக்கு சமூக வன வள உரிமை கெடைச்சுது, அதிரப்பள்ளி அணைய எதுத்து நிக்க அந்தப் பத்திரம் அவங்களுக்கு பலமா இருந்துச்சு. அங்கேயே ஒரு காலத்துல இருவாச்சிக் குஞ்ச எடுத்தவங்க இப்ப ஒவ்வொரு கூட்டுக்கும் காவல் இருந்து எந்த மரத்துல எப்ப குஞ்சு வெளிய வந்துச்சுன்னு எழுதறாங்க. உங்க ஊர்லயும் இத ஆரம்பிங்க. ஒரு நோட்டு, ரெண்டு பசங்க, ஒரு பெரியவர். எந்த ஓடை எந்த மாசம் காஞ்சுது, எத்தன தேனடை, உண்ணி எந்த எல்லை வரைக்கும் வந்துச்சு, நெல்லி காய்ச்சுதா, புலிக் கால்தடம் எங்க. ஒவ்வொரு மார்கழியும் தீக்காலம் தொடங்கறதுக்கு முன்னாடி ஊரும் வனத்துறையும் ஒண்ணா எல்லைய நடந்து வாங்க, அந்த நோட்டக் கையில வெச்சுக்கிட்டு, போன வருஷம் எழுதுனதும் இந்த வருஷம் கண்ணுல படறதும் எங்க மாறுதுன்னு பாத்து அங்கயே ஒக்காந்து அந்த வருஷத்து வேலைய முடிவு பண்ணுங்க. நடக்க முடியாத பெரியவங்களுக்கு வனத்துறை ஜீப்ப கேளுங்க, அவங்க இல்லாம அந்த நடை வேணாம்.